மதியம் நனைத்த மருந்து, இரவில் விழுந்த அப்பா: நடுவில் உடம்புக்குள் என்ன நடந்தது?

சுருளிக்கரை (கம்பம்)

வணக்கம். எங்கள் அப்பாவுக்கு 51 வயது. 19 வருடமாக விடியற்காலை ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி, கேரளப் பக்கம் ஏலத்தோட்டங்களில் மருந்தடிக்கிறார். ஒரு தோட்டத்துக்கு மாதம் ஒன்றிரண்டு தடவைதான் மருந்து. ஆனால் அப்பா போவது ஏழெட்டுத் தோட்டத்துக்கு. எனவே மாதத்தில் பாதி நாள் அவர் கையில் ஓஸ்தான்.

ஒன்பது நாளைக்கு முன்னால் குயினால்பாஸ் என்ற பூச்சிமருந்தை அடித்துக்கொண்டிருந்தபோது, பகல் பன்னிரண்டு மணிக்கு ஓஸ் இணைப்பு கழன்று வலது தோளிலிருந்து இடுப்பு வரை நனைந்துவிட்டது. மாற்றுத்துணி கிடையாது. அந்தச் சட்டையோடே மீதிப் பேரலையும் அடித்து முடித்தார். மூன்று மணிக்குச் சோறு சாப்பிட்டார். திரும்பும்போது ஜீப்பில் நன்றாகப் பேசிக்கொண்டு வந்திருக்கிறார். வீட்டில் குளித்தார். வாசம்கூடப் போய்விட்டது.

ஏழு மணிக்கு மேல் ஆரம்பித்தது. முதலில் வியர்வை. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தவருக்குப் பனியன் பிழிகிற அளவுக்கு வியர்த்தது. அப்புறம் வாயில் எச்சில் நிற்காமல் ஒழுகியது. வயிறு போனது. தொடைச் சதை தானாகத் துடித்தது. கண்ணைப் பார்த்தேன், கருமணி குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. அட்ரோபின் என்ற முறிவு மருந்தை ஏற்றினார்கள், பிழைத்துக்கொண்டார். அட்மிட் ஆன அன்று எடுத்த ரத்தப் பரிசோதனையில் கோலினெஸ்டரேஸ் என்ற நொதி 840. பக்கத்தில் இயல்பு அளவு 5,300க்கு மேல் என்று அச்சாகியிருக்கிறது. இரண்டாம் நாள் கண் சரியாகி, பேச்சும் வந்த பிறகு, தலையணையிலிருந்து தலையைத் தூக்க அவரால் முடியவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு அதிகம் பயம் வந்தது.

இப்போது வீட்டில் இருக்கிறார். மருந்து உடம்பைவிட்டுப் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டதும் மேற்பார்வையாளர் போன் செய்து, திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்கிறார்.

நான் விலங்கியல் இரண்டாம் வருடம் படிக்கிறேன். கல்லீரல் நஞ்சை முறித்து வெளியேற்றும் என்று எங்கள் புத்தகத்தில் இருக்கிறது. அப்படியானால் நனைந்தபோது நன்றாக இருந்தவர் ஏழு மணி நேரம் கழித்து ஏன் விழுந்தார்? மருந்து போய்விட்டது என்றால் அப்பா வேலைக்குப் போகலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய லேப் (குமுளி)

தாயி, முதலில் உன் கடைசிக் கேள்விக்குப் பதில். திங்கட்கிழமை அனுப்பாதே. காரணத்தைக் கீழே சொல்கிறேன். உங்கள் டாக்டரிடமும் இதை நேரடியாகக் கேள்: "மருந்து போய்விட்டதா என்று கேட்கவில்லை, கோலினெஸ்டரேஸ் திரும்பிவிட்டதா?"

எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக 31 வருடம் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பார்த்தவன் நான். உன் அப்பாவைப் போல நாலைந்து மணி நேரம் நடமாடிவிட்டு விழுந்தவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். "வாசம் போனால் விஷம் போச்சு" என்ற பேச்சையும் அதே அளவுக்குக் கேட்டிருக்கிறேன்.

குயினால்பாஸ், குளோர்பைரிபாஸ், மாலத்தியான், டைமெத்தோயேட் எல்லாவற்றிலும் நடுவில் ஒரு பாஸ்பரஸ் அணு. அதோடு ஒரு கந்தக அணு இரட்டைப் பிணைப்பில் இருக்கிறது. இந்த வடிவத்தில் மருந்து உறைக்குள் இருக்கும் கத்தி மாதிரி, நரம்பை அதிகம் வெட்டாது. கல்லீரலில் சைட்டோகுரோம் பி450 என்ற நொதிக்கூட்டம் இருக்கிறது. நமக்குப் பழக்கமில்லாத எந்தப் பொருள் வந்தாலும் அதில் ஆக்சிஜனைச் சேர்த்து, தண்ணீரில் கரையவைத்து, சிறுநீரில் அனுப்பப் பார்ப்பது அதன் வேலை. அது இந்த மருந்தின் கந்தகத்தைக் கழற்றிவிட்டு அங்கே ஆக்சிஜனை வைக்கிறது. உறை கழன்றுவிட்டது. வெளியே வருவதற்கு ஆக்சான் என்று பெயர். உள்ளே போன மருந்தைவிட நரம்பு நொதியைப் பிடிப்பதில் அது பல நூறு மடங்கு வேகம், சிலவற்றில் ஆயிரம் மடங்குக்கும் மேல். உன் புத்தகம் சொல்வது பொய் இல்லை. ஆனால் இந்த மருந்துகளில் முறிப்பதற்கான முதல் படியே நஞ்சைக் கூராக்குகிற படியாக அமைந்துவிட்டது.

இதில் எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருக்கும் ஒன்று. அதே பி450, அதே நொடியில், இன்னொரு வழியிலும் மருந்தை உடைக்கிறது. ஆக்சிஜன் சேர்ந்த இடைநிலை ஒரு பக்கம் சாய்ந்தால் ஆக்சான். மறுபக்கம் சாய்ந்தால் மூலக்கூறு இரண்டாக முறிந்து, இரண்டு துண்டுமே நரம்பை ஒன்றும் செய்யாதவையாகிவிடும். குளோர்பைரிபாஸ் என்றால் டிரைகுளோரோபிரிடினால் ஒரு துண்டு. குயினால்பாஸ் என்றால் ஹைட்ராக்சி குயினாக்சலின். மீதித் துண்டு டைஎத்தில் தயோபாஸ்பேட். எல்லாம் சிறுநீரில் போய்விடும். எந்தப் பக்கம் எவ்வளவு சாயும் என்பது மருந்தையும் ஆளையும் பொறுத்தது.

ஆக்சான் உருவான பிறகும் உடம்பு சும்மா இருப்பதில்லை. ரத்தத்தில் நல்ல கொழுப்பு என்று சொல்கிறோமே, அதன் மேல் ஒட்டிக்கொண்டு பாரா-ஆக்சோனேஸ் என்ற நொதி சுற்றுகிறது. அது ஆக்சானைத் தண்ணீர் கொண்டு பிளந்துவிடும். ஒரு மூலக்கூறைப் பிளந்த கையோடு அடுத்ததற்குப் போகும், தான் கெடாது. இன்னொரு வகை உண்டு. கல்லீரலில் கார்பாக்சிலெஸ்டரேஸ், ரத்த நீரில் பியூட்டிரைல் கோலினெஸ்டரேஸ். இவை ஆக்சானைப் பிடித்துத் தன்னோடு கட்டிக்கொள்ளும், ஆனால் ஒன்றுக்கு ஒன்றுதான். பிடித்த நொதி அத்தோடு செயலிழந்துவிடும். இந்த இரண்டு குணத்தையும் பிரித்து, முன்னதை ஏ, பின்னதை பி என்று 1953இல் ஆல்ட்ரிஜ் என்பவர் பெயரிட்டார். லேபில் உங்களுக்கு 840 என்று வந்தது இந்த இரண்டாம் வகை, ரத்த நீரில் உள்ள நொதி.

அந்த ஏழு மணி நேரத்துக்கு விடை இதற்குள்தான் இருக்கிறது. ஈரச் சட்டை தோலுக்கு மருந்தைக் கொடுத்துக்கொண்டே இருந்தது. எண்ணெய்ப்பசை மருந்து ஆதலால் தோலிலும் கொழுப்பிலும் தங்கித் தங்கி உள்ளே போனது. கல்லீரல் கொஞ்சம் கொஞ்சமாக அதன் உறையைக் கழற்றியது. கழன்றதையெல்லாம் ரத்தத்தில் இருந்த அந்த நொதிகள் வாங்கிக்கொண்டன. ஜீப்பில் அப்பா பேசிக்கொண்டு வந்தபோது அவை ஒவ்வொன்றாகத் தீர்ந்துகொண்டிருந்தன. அவை போதாமல் போனபோது நரம்பில் இருக்கும் அசிட்டைல் கோலினெஸ்டரேஸ் மாட்டிக்கொண்டது. நரம்பு ஒவ்வொரு முறை தசைக்குச் சேதி சொல்லும்போதும் அசிட்டைல்கோலினைக் கொட்டும். இந்த நொதி அதை உடனே அள்ளிவிட வேண்டும். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் காய் கொட்டிக்கொண்டே இருக்க, அள்ளுகிறவர் கையைக் கட்டிப்போட்டால் என்ன ஆகும்? வியர்வை, எச்சில், வயிற்றுப்போக்கு, சதைத் துடிப்பு, சுருங்கிய கண் எல்லாம் அள்ளப்படாமல் குவிந்த அசிட்டைல்கோலினால் வந்தவை.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மோனோகுரோட்டோபாஸ், டைகுளோர்வாஸ் போன்றவை உறையில்லாமலே, ஆக்சிஜனோடே வருகிறவை. அவற்றுக்குக் கல்லீரலின் உதவி வேண்டாம், ஆளை உடனே சாய்க்கும்.

இப்போது வேலைக்குப் போகும் விஷயம். குளோர்பைரிபாஸின் உடைந்த துண்டு 27 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. எனவே நாலைந்து நாளில் மருந்து பெரும்பாலும் போய்விடும். இந்த வகை மருந்துகள் பொதுவாக இப்படித்தான். டாக்டர் சொன்னது சரி. ஆனால் மாட்டிக்கொண்ட நொதி மருந்தோடு கூடவே விடுபடுவதில்லை. டைஎத்தில் வகை மருந்து, அதாவது குயினால்பாஸும் குளோர்பைரிபாஸும், நொதியைப் பிடித்தால் ஏறக்குறைய 33 மணி நேரத்தில் பாதி நொதி 'முதிர்ந்து' போகும். மாலத்தியான், டைமெத்தோயேட் போன்ற டைமெத்தில் வகைக்கு நாலு மணி நேரம்கூட இல்லை. முதிர்ந்த பிறகு பிராலிடாக்சைம் ஊசி போட்டாலும் அது விடுபடாது. உடம்பு புதிதாகச் செய்துதான் ஈடுகட்ட வேண்டும். ரத்த நீர் நொதியைக் கல்லீரல் நாலு முதல் ஆறு வாரத்தில் செய்துவிடும். சிவப்பணுவில் இருக்கும் நொதிக்குப் புதுச் சிவப்பணுவே பிறக்க வேண்டும், நாளைக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு. மூன்று நாலு மாதக் கணக்கு.

உடம்பில் மருந்து தேங்கவில்லை, பட்ட அடி தேங்குகிறது. அடுத்த திங்கட்கிழமை அப்பா ஓஸைப் பிடித்தால், போன தடவை தாங்கிய அளவை இந்தத் தடவை தாங்கமாட்டார்.

தலை தூக்க முடியாமல் போனதைப் பார்த்து நீ பயந்தது நியாயம். முதல் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் நடுவில் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளரும். எல்லாம் சரியாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பி, வழியிலேயே மூச்சு நின்றவர்கள் உண்டு. உங்களை அனுப்பாமல் வைத்துப் பார்த்த ஆஸ்பத்திரிக்கு நன்றி சொல்.

மூணேக்கர் ஏலம் (நெடுங்கண்டம் பக்கம்)

லேப் அண்ணாச்சிக்கு வணக்கம். நான் சின்னத் தோட்டக்காரன், பூர்வீகம் போடி. இலைப்பேனுக்கும் தண்டுத்துளைப்பானுக்கும் மருந்தில்லாமல் ஏலம் நிற்காது என்றுதான் நானும் இத்தனை வருடம் அடித்தேன். ஒன்றைக் கேட்கிறேன். இதே மாற்றம் செடிக்குள்ளும் நடக்குமா? அப்புறம், மீதி மருந்து டின்னை நாங்கள் ஸ்டோர் பரண் மேல்தான் வைப்போம். கீழே காய் உலரும்போது நல்ல சூடு இருக்கும். அது தப்பா? புழு சாகவில்லை என்று கடைக்காரர் ரெண்டு மருந்தைக் கலந்து அடிக்கச் சொல்கிறார், அதுவும் சரியா?

பழைய லேப் (குமுளி)

தம்பி, மூன்றுமே முக்கியம். ஆனால் டின்னைப் பற்றி முதலில்.

1976இல் பாகிஸ்தானில் மலேரியா ஒழிக்க வீடுவீடாக மாலத்தியான் அடித்தார்கள். அடித்தவர்கள் 7,500 பேர். அதில் ஏறத்தாழ 2,800 பேருக்கு நஞ்சேறியது, குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள். மாலத்தியான் மனிதருக்கு இந்தக் குடும்பத்திலேயே சாதுவான மருந்து என்று பெயர். ஏன் சாது? நம் கல்லீரலில் இருக்கும் கார்பாக்சிலெஸ்டரேஸ் அதை ஆக்சான் ஆவதற்கு முன்பே வெட்டி அமிலமாக்கிவிடும். பூச்சியிடம் அந்த நொதி குறைவு, அதனால் அது சாகும், நாம் தப்பிப்போம். பாகிஸ்தானில் வந்த மருந்தில் ஐசோமாலத்தியான் என்ற கலப்பு இருந்தது. அது இந்தக் கார்பாக்சிலெஸ்டரேஸையே முதலில் முடக்கிவிட்டது. அப்புறம் சாதுவான மருந்து சாதுவாக இருக்கவில்லை. மாலத்தியான் டின் சூட்டில் கிடந்தாலும் இந்த ஐசோமாலத்தியான் உருவாகும். ஸ்டோர் பரணிலிருந்து இன்றைக்கே இறக்கிவிடு.

கலந்து அடிப்பதிலும் இதே கதைதான். ஒரு பாஸ்பரஸ் மருந்து அந்த நொதியைக் கட்டிப்போட்டால், அதே நொதியால் உடைய வேண்டிய இன்னொரு மருந்து உடையாமல் நிற்கும். சைபர்மெத்ரின் போன்ற வேறு குடும்பத்து மருந்துகள்கூட நம் உடம்பில் அந்த நொதியால்தான் உடைகின்றன. கடைக்காரர் புழுவை மட்டும் நினைத்துச் சொல்கிறார். ஓஸ் பிடிக்கிறவருக்கும் அந்தக் கலவைதான் போகிறது.

புழு சாகாததற்கும் காரணம் பெரும்பாலும் இந்த நொதிகள்தான். பச்சைப் பீச் அசுவினியையும் கியூலெக்ஸ் கொசுவையும் ஆராய்ந்தார்கள். மருந்தைத் தாங்கியவற்றில் எஸ்டரேஸ் மரபணு ஒன்றுக்குப் பல பிரதிகளாகப் பெருகியிருந்தது. நொதி அவ்வளவு அதிகமாக இருந்ததால், மருந்து நரம்புக்குப் போகும் முன்பே அதை வாங்கிக்கொண்டது. நம் ரத்தத்தில் நடப்பதுதான், அளவில் பெரியது. நீ கூடுதலாக ஊற்றினால் அப்படிப் பெருகியவை மட்டும் மிஞ்சும்.

செடிக்குள்ளும் மாற்றம் நடக்கும். டைமெத்தோயேட் செடியில் ஒமெத்தோயேட் ஆகிறது, அது முந்தையதைவிட நஞ்சு. அசிபேட் மெத்தமிடோபாஸ் ஆகிறது. அதனால்தான் பரிசோதனைக்கூடத்தில் தாய் மருந்தை மட்டும் பார்க்காமல் இவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். மருந்தடித்த பிறகு காயெடுக்கும் வரை விட வேண்டிய நாள் லேபிளில் இருக்கிறது, அதைக் குறைக்காதே. இன்னொரு கணக்கும் உண்டு. அஞ்சு கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஒரு கிலோ ஏலக்காய். தண்ணீர் போகிறது, மருந்தில் சூட்டுக்குப் போகாத பகுதி அந்த ஒரு கிலோவில் நிற்கும்.

காயெடுக்கிறவ (வண்டன்மேடு)

நான் எட்டு வருஷமா காயெடுக்கிறேன். மருந்தடிச்ச மறுநாளே எங்களைச் சரத்துல, அதான் செடி வரிசைல, உட்காரச் சொல்லுவாங்க. செடி அடியில குனிஞ்சுதான் எடுக்கணும், முழங்கை வரைக்கும் நனையும். சாயங்காலம் தலைவலி வந்தா வெயில்னு நினைச்சுக்குவோம். என் தங்கச்சிக்கு இப்ப அஞ்சு மாசம். அவளும் வர்றா. அண்ணே, அவளுக்கு இது எப்படி?

பழைய லேப் (குமுளி)

அம்மா, தங்கச்சியைச் சரத்துக்கு அனுப்பாதீர்கள். இதைச் சொல்வது எளிது, அன்றைய கூலி போகும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் காரணத்தையும் தெரிந்துகொண்டு பேசினால் முதலாளியிடம் வேறு வேலை கேட்கலாம். ஸ்டோரில் காய் பொறுக்குவது மாதிரி. அதிலும் புதிதாக மருந்தடித்த சரத்துக் காய் வேண்டாம்.

கர்ப்ப காலத்தில் ரத்த நீரில் அந்தக் கோலினெஸ்டரேஸ் இயல்பாகவே குறையும். அதாவது மருந்தை வாங்கிக்கொள்கிறவை முன்பே குறைவு. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குப் பாரா-ஆக்சோனேஸ் மிகக் குறைவு. பிறந்த குழந்தைக்கும் அப்படித்தான், பெரியவர்கள் அளவை எட்ட ஒன்றிரண்டு வயதாவது ஆக வேண்டும். ஆக்சானைப் பிளக்கிற அந்தக் கை குழந்தைக்கு இன்னும் வளரவில்லை. மருந்துச் சட்டையோடு பிள்ளையைத் தூக்காதீர்கள் என்று நான் வீட்டுக்கு வீடு சொன்னது இதனால்தான்.

பெரியவர்களுக்குள்ளும் இந்தப் பாரா-ஆக்சோனேஸ் ஆளுக்கு ஆள் பல மடங்கு வேறுபடும். 192ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தால்கூட வேலை செய்யும் வேகம் மாறும். ஒரே பேரலில் அடித்த இரண்டு பேரில் ஒருவர் விழுந்து ஒருவர் நின்றால், நின்றவரைக் காட்டி "அவனுக்கு ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். விழுந்தவர் நோஞ்சான் என்று அர்த்தமில்லை, பிறவியிலேயே அவருக்கு அந்த நொதி குறைவாக இருக்கலாம்.

கையும் காலும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். இந்த மருந்துகள் காரத்தில் உடையும், சோப்பு எண்ணெய்ப்பசையையும் எடுக்கும். நனைந்தால் உடனே கழுவ வேண்டும், சாயங்காலம் வீட்டில் கழுவுவதில் பாதிப் பலன் போய்விடுகிறது. பால், மோர், இளநீர் எதுவும் மருந்தை முறிக்காது. மருந்துத் துணியைத் தனியாகத் துவையுங்கள்.

பாசனக்கரை (கொழிஞ்சாம்பாறை)

நான் மண் நுண்ணுயிரியல் படித்தவன், ஒரு சின்னச் சேர்க்கை மட்டும். பாரா-ஆக்சோனேஸ் செய்வதை மண்ணில் பாக்டீரியாக்களும் செய்கின்றன. 1973இல் சேதுநாதனும் யோஷிடாவும் பிலிப்பைன்ஸில் நெல் வயல் தண்ணீரிலிருந்து ஒரு பிளேவோபாக்டீரியத்தைப் பிரித்தார்கள், டயசினானையும் பாராத்தியானையும் உடைப்பது. அந்த நொதிக்கான மரபணு ஒரு வளைய டி.என்.ஏ. துண்டில் இருந்தது, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறக்கூடியது. ஒரே மருந்தை ஒரே வயலில் திரும்பத் திரும்பப் போட்டால் அது வரவர வேகமாகக் காணாமல் போவதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று: காசர்கோடு முந்திரித் தோட்டங்களில் அடித்த எண்டோசல்பானோடு இதைப் பலர் குழப்புகிறார்கள். அது குளோரின் வகை, சுலபத்தில் உடையாமல் கொழுப்பில் நிற்பது. பாஸ்பரஸ் மருந்து உடைந்துவிடும் என்பதாலேயே பத்திரமானது என்று குளோரின் வகைக்கு மாற்றாக விற்கப்பட்டது. உடைகிற வழியில் என்ன செய்யும் என்பதை மேலே அண்ணாச்சி எழுதியிருக்கிறார்.

சுருளிக்கரை (கம்பம்)

லேப் ஐயாவுக்கும் எல்லோருக்கும் நன்றி. நீங்கள் எழுதியதை அப்பாவுக்குச் சத்தம் போட்டு வாசித்தேன். கத்தி, உறை என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதான் அன்னைக்கு ஜீப்புல ஒண்ணும் தெரியலையா" என்று கேட்டார். 19 வருடத்தில் இது நாலாவது தடவை என்றும் அப்போதுதான் சொன்னார். முந்தைய மூன்றையும் வெயில் என்று நினைத்து மோர் குடித்துப் படுத்திருக்கிறார். எங்களிடம் சொன்னதே இல்லை.

மேற்பார்வையாளருக்கு நானே போன் செய்தேன். மருந்து போய்விட்டது, நொதி இன்னும் வரவில்லை, ரத்தப் பரிசோதனைத் தாள் என்னிடம் இருக்கிறது என்றேன். முதலில் கோபப்பட்டார். அப்புறம் கவ்வாத்து வேலைக்கு வரச் சொன்னார், கூலி குறைவு. அப்பா மருந்தடிக்கும் நாட்களில் போகமாட்டார் என்று சொல்லிவிட்டேன்.

நேற்று மறுபடி ரத்தம் கொடுத்தோம். இருபதாம் நாள். 3,460 வந்திருக்கிறது. ஐயா, இதை இப்போது எப்படி எடுத்துக்கொள்வது?

பழைய லேப் (குமுளி)

நல்லபடியாக ஏறுகிறது தாயி. ஆனால் 5,300 என்பது ஊருக்கான எண், அப்பாவுக்கானது இல்லை. நல்ல நாளில் அவருக்கு 6,000 இருந்ததா 9,000 இருந்ததா என்று யாரும் எடுத்து வைக்கவில்லை. மருந்தடிக்கிறவர்களுக்கு வேலையில் சேரும் முன்பே ஒரு தடவை எடுத்து வைத்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. நான் வேலையில் இருந்தபோது இதைச் செய்யச் சொல்லி எத்தனையோ பேரிடம் கெஞ்சினேன். எனவே இப்படிச் செய். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, அதே லேபில், எடுத்துக்கொண்டே போ. அடுத்தடுத்த இரண்டு எண்ணும் ஏறாமல் ஒரே இடத்தில் நின்றால், அதுதான் அவருடைய சொந்த அளவு. தாளில் எழுதி வை. சிவப்பணு நொதியும் எடுக்கும் லேப் மதுரைப் பக்கம் கிடைத்தால் நாலாம் மாதம் ஒரு தடவை அதையும் பார்த்துவிடு.

அதுவரை கவ்வாத்து. அதிலும் மருந்தடித்த சரத்தில் இறங்கும் முன் எத்தனை நாள் ஆயிற்று என்று அவரே கேட்டுக்கொண்டு இறங்கட்டும்.